சார்லட்: கடல் கடந்து வந்த மருமகள்

பெண் பார்க்கப் போனது மாப்பிள்ளை அல்ல. மாப்பிள்ளையின் தாயோ, உறவுப் பெண்களோகூட அல்ல. டேவிட் கிரேம் என்ற ஸ்காட்லாந்து ராணுவ அதிகாரி ஒருவர்தான் போனார். ஆண்டு 1761. லண்டனில் மூன்றாம் ஜார்ஜ் அரியணை ஏறிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அவருக்கு வயது 22. சாரா லெனாக்ஸ் என்ற பிரபு குடும்பத்துப் பெண்மீது அவருக்கு மனம் இருந்தது. ஆனால், உள்நாட்டுக் குடும்பம் ஒன்றில் பெண் எடுத்தால், அந்தக் குடும்பத்தின் கை அரசியலில் ஓங்கிவிடும் என்ற அச்சம் அரண்மனையில் இருந்தது. அரசர் மனதை அடக்கிக்கொண்டார். ஜெர்மன் சிற்றரசுகளில், புராட்டஸ்டன்ட் மதத்தைச் சேர்ந்த இளவரசிகளின் பட்டியல் தயாரானது.

அந்தப் பட்டியலின் கடைக்கோடியில் இருந்த ஊர், மெக்லன்பர்க்-ஸ்ட்ரெலிட்ஸ். வடக்கு ஜெர்மனியில் ஏரிகளுக்கும் காடுகளுக்கும் இடையே கிடந்த சின்னஞ்சிறு ஆட்சிப் பகுதி. அங்கே மிரோ என்ற இடத்தில் 1744 மே 19-ம் தேதி பிறந்தவர் சோஃபியா சார்லட். எட்டு வயதில் தந்தையை இழந்தார். அண்ணன் நான்காம் அடால்ஃபஸ் ஃபிரெடரிக் கோமகனாக ஆண்டுகொண்டிருந்தார். லண்டனிலிருந்து சம்பந்தம் பேச ஆள் வந்த அதே கோடையில், ஜூன் கடைசியில், தாயும் இறந்துபோனார். ஆகஸ்ட் 15-ம் தேதி திருமண ஒப்பந்தம் கையெழுத்தானது. துக்கம் கழிவதற்குள் 17 வயதுப் பெண் கப்பல் ஏற வேண்டியிருந்தது.

உலகைச் சுற்றி வந்த கடற்படைத் தளபதி ஆன்சன் பிரபு அந்தக் கப்பல் அணிக்குத் தலைமை ஏற்றார். அரச குடும்பத்தின் உல்லாசக் கப்பலுக்கு ‘ராயல் சார்லட்’ என்று மணப்பெண்ணின் பெயரையே சூட்டியிருந்தார்கள். வட கடலில் புயல் அந்தக் கப்பலைப் பல நாள் அலைக்கழித்தது. ஹார்விச் துறைமுகத்தில் கரையிறங்கிய சார்லட், செப்டம்பர் 8-ம் தேதி பிற்பகல் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனை வாசலில் வந்து நின்றார். கணவராகப் போகிறவரை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். அன்று இரவே திருமணம். இரண்டே வாரத்தில், செப்டம்பர் 22-ம் தேதி, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் முடிசூட்டு விழா. ஆங்கிலத்தில் அவருக்கு அப்போது அநேகமாக ஒரு வார்த்தையும் தெரியாது. ஜெர்மனும் பிரெஞ்சும்தான் அவருடைய மொழிகள்.

பிறந்த ஊரை அதன் பிறகு அவர் பார்க்கவே இல்லை. 1818 நவம்பரில் இறக்கும்வரை 57 ஆண்டுகள் பிரிட்டனின் அரசியாக வாழ்ந்தார். பிரிட்டிஷ் வரலாற்றில் அரசரின் மனைவியாக அவ்வளவு நீண்ட காலம் இருந்த வேறு பெண் இல்லை.

கடந்த சில ஆண்டுகளாக அவர் பெயர் உலகம் முழுவதும் அடிபடுகிறது. நெட்ஃபிளிக்ஸில் 2020-ல் வந்த ‘பிரிட்ஜெர்டன்’ தொடரில் கோல்டா ரோஷவெல் அவராக நடித்தார். 2023-ல் ‘குயின் சார்லட்’ என்று தனித் தொடரே வந்துவிட்டது. அதில் வரும் அரசி கறுப்பினப் பெண்; தைரியசாலி; அவர் வந்ததால் இங்கிலாந்துச் சமூகமே மாறுகிறது. கற்பனைக் கதை என்று தொடரே தொடக்கத்தில் சொல்லிவிடுகிறது. ஆனாலும் பார்த்த பலருக்கு அதுதான் சார்லட். எனக்கு அந்தத் தொடர்மீது கோபம் இல்லை. எனினும், ஆவணங்களில் இருக்கும் சார்லட் அதைவிட ஆழமான மனுஷி. அதிகாரம் இல்லாத இடத்தில் வைக்கப்பட்டவர். அந்தக் குறுகிய இடத்துக்குள் ஓர் உலகத்தை உண்டாக்கிக்கொண்டவர். அதே குறுகிய இடத்துக்குள் தன் மகள்களையும் அடைத்துவைத்தவர். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் நமக்கு முழுதாகக் கிடைப்பார்.

பதினைந்து பிள்ளைகள்

அரசியலில் தலையிடக் கூடாது என்பது கணவர் முதலிலேயே விதித்த நிபந்தனை. சார்லட் அதை ஏற்றார். பிறகு அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது ஒன்றே ஒன்று: வாரிசு. திருமணமான 11-வது மாதம், 1762 ஆகஸ்ட் 12-ம் தேதி, முதல் பிள்ளை பிறந்தது. பின்னாளின் நான்காம் ஜார்ஜ். கடைசிப் பிள்ளை அமீலியா பிறந்தது 1783-ல். 21 ஆண்டுகளில் 15 பிரசவங்கள். ஒன்பது ஆண், ஆறு பெண். 17 வயதில் வந்தவருக்கு 39 வயது ஆகும்வரை கர்ப்பமும் பேறுகாலமும் மாறிமாறி வந்துகொண்டே இருந்தன என்று பொருள்.

அந்தக் காலத்தில் அரச குடும்பங்களிலும் குழந்தைச் சாவு சாதாரணம். பதினைந்தில் பதின்மூன்று பேர் வளர்ந்து ஆளானது பெரிய விஷயம். இறந்த இருவரும் கடைக்குட்டி ஆண் பிள்ளைகள். அம்மை வராமல் தடுக்க, அம்மைக் கொப்புளத்தின் சீழையே கீறி ஏற்றும் முறை அப்போது இருந்தது. ஜென்னரின் தடுப்பூசி வருவதற்கு முந்தைய காலம். இரண்டு வயது நிறையாத ஆல்ஃபிரட் 1782-ல் அப்படி அம்மை கீறிய பின் உடல் தேறாமல் இறந்தான். மறு ஆண்டு நான்கு வயது ஆக்டேவியஸும் அதே வழியில் போனான். அரசர் நிலைகுலைந்துபோனார். ஆக்டேவியஸ் இறந்தபோது சார்லட்டின் வயிற்றில் அமீலியா இருந்தாள்.

செயின்ட் ஜேம்ஸ் அரண்மனை விழாக்களுக்கானது, குடித்தனத்துக்கு ஏற்றதல்ல. அதனால் பக்கிங்ஹாம் மாளிகையை அரசர் மனைவிக்காக வாங்கினார். அது ‘அரசியின் இல்லம்’ என்றே அழைக்கப்பட்டது. பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் அங்கேதான் பிறந்தார்கள். இன்று உலகமே அறிந்த பக்கிங்ஹாம் அரண்மனை, முதலில் ஒரு தாய்க்காக வாங்கப்பட்ட வீடு.

அந்த வீட்டில் இசை ஓயாது. ஜோஹன் செபாஸ்டியன் பாக்கின் கடைசி மகன் ஜோஹன் கிறிஸ்டியன் பாக், அரசியின் இசை ஆசான். 1764 ஏப்ரலில் சால்ஸ்பர்க்கிலிருந்து ஒரு தகப்பன் தன் இரண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கினார். பிள்ளைகளில் இளையவனுக்கு எட்டு வயது. எந்த இசைத் தாளை முன்னே வைத்தாலும் பார்த்த மாத்திரத்தில் வாசித்தான். அரசி பாட, அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தான். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஆறு சொனாட்டாக்களை அச்சிட்டு அரசிக்குச் சமர்ப்பித்தான். ஐம்பது கினி பரிசு கிடைத்தது. அந்தச் சிறுவன்தான் மொஸார்ட்.

மட்பாண்டக் கலைஞர் ஜோசையா வெட்ஜ்வுட்டும் அரசியால் உயர்ந்தவர். 1765-ல் அரசி அவரிடம் தேநீர்க் கோப்பைத் தொகுதி ஒன்று கேட்டார். அதைச் செய்துகொடுத்தவர், ‘அரசியின் குயவர்’ என்று போட்டுக்கொள்ள அனுமதி பெற்றார். தான் செய்த பாலாடை நிறப் பாண்டங்களுக்கு ‘குயின்ஸ் வேர்’ என்று பெயர் வைத்தார். நடுத்தர வீடுகள் அதைப் போட்டி போட்டு வாங்கின. அரச குடும்பத்துப் பெயரைச் சொல்லிப் பொருள் விற்கும் வழக்கத்துக்கு இது பெரிய பாதை போட்டுக்கொடுத்தது.

ஆனால் சார்லட்டின் மனம் உண்மையில் லயித்த இடம் தோட்டம். கியூ தோட்டத்தை ஜோசப் பேங்க்ஸ் கவனித்துக்கொண்டிருந்தார். கேப்டன் குக்கோடு கடல் சுற்றி வந்த அதே பேங்க்ஸ். ஃபிரான்சிஸ் மேசன் என்ற தோட்டக்காரர் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து கியூவுக்கு வந்த செடிகளில் ஒன்று, பறவைக் கொண்டை போல ஆரஞ்சும் நீலமுமாகப் பூத்தது. அரசி பிறந்த வீட்டின் பெயரால் பேங்க்ஸ் அதற்கு ‘ஸ்ட்ரெலிட்ஸியா ரெஜினே’ என்று பெயரிட்டார். நம் ஊர்ப் பூக்கடைகளில் பெரிய பூங்கொத்துகளின் நடுவே செருகுகிறார்களே, ‘பேர்ட் ஆஃப் பாரடைஸ்’, அதுதான். வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பூவுக்குள் ஓர் அரசியின் பிறந்த ஊர் இருப்பது தெரியும்?

தாவரவியலை அவர் பொழுதுபோக்காக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. தாவரவியலாளர் ஜான் லைட்ஃபுட் சேகரித்த உலர்தாவரத் தொகுப்பு, அவர் இறந்த பின் அரசியிடம் வந்து சேர்ந்தது. பூக்களைத் துல்லியமாக வரைவதில் ஈடு இணையற்ற ஃபிரான்ஸ் பாவரிடம் ஓவியம் பயின்றார். வின்ட்சருக்குப் பக்கத்தில் ஃபிராக்மோர் என்ற வீட்டை 1790-களின் தொடக்கத்தில் தனக்கென்று வாங்கி, தோட்டம் போட்டார், நூலகம் வைத்தார், பின்னாளில் ஒரு சிறு அச்சகம்கூட வைத்தார். அந்த வீட்டின் ஓர் அறை முழுக்கப் பூக்கள் வரையும் பணியை மேரி மோசரிடம் கொடுத்தார். ராயல் அகாடமியைத் தொடங்கியவர்களில் இருந்த இரண்டே பெண்களில் மோசர் ஒருவர். காகிதத்தை வெட்டி ஒட்டி ஆயிரத்துக்கு அருகே பூக்களை உருவாக்கிய மூதாட்டி மேரி டெலனிக்கு வின்ட்சரில் வீடும் உதவித்தொகையும் கொடுத்தது அரச குடும்பம். நாவலாசிரியை ஃபேன்னி பர்னி 1786 முதல் 1791 வரை அரசியின் ஆடை அறையில் பணியாற்றினார். அரண்மனை வேலை பர்னியை வாட்டியது உண்மை. அவர் எழுதிய நாட்குறிப்புகள் இல்லையென்றால் சார்லட்டை நாம் இவ்வளவு அருகில் பார்த்திருக்கவே முடியாது என்பதும் உண்மை.

அந்தக் குளிர்காலம்

1788 இலையுதிர் காலம். அரசர் இடைவிடாமல் பேச ஆரம்பித்தார். மணிக்கணக்கில், தொண்டை கம்மும்வரை பேச்சு. தூக்கம் போயிற்று. நவம்பர் 5-ம் தேதி வின்ட்சரில் இரவு உணவு மேசையில், மூத்த மகனைப் பிடித்துச் சுவரோடு மோதினார். அரசி அலறினார். அன்று முதல் கணவரோடு ஒரே அறையில் உறங்க அவர் அஞ்சினார். பக்கத்து அறையில் படுத்தார். நள்ளிரவில் அரசர் மெழுகுவத்தியோடு உள்ளே வந்து, மனைவி இருக்கிறாளா என்று திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, நெடுநேரம் நின்றுவிட்டுப் போனார். மறுநாள் அந்தப் பயங்கரத்தை அரசியே பர்னியிடம் சொல்லியிருக்கிறார்.

அரசரைக் கியூவுக்கு மாற்றினார்கள். லிங்கன்ஷயரிலிருந்து ஃபிரான்சிஸ் வில்லிஸ் என்ற பாதிரியார்-மருத்துவர் வரவழைக்கப்பட்டார். அவருடைய சிகிச்சை என்பது கட்டுப்படுத்துவது. அடங்காவிட்டால் கைகளைப் பிணைக்கும் சட்டை. அல்லது நாற்காலியோடு சேர்த்துக் கட்டுவது. அந்த நாற்காலியை அரசர் தன் முடிசூட்டு ஆசனம் என்று குறிப்பிட்டார். தோலில் கொப்புளம் எழுப்பும் மருந்துப் பற்றுகளும் போட்டார்கள். நாட்டின் அரசரை இப்படி நடத்தியதைப் பக்கத்து அறைகளில் இருந்தபடி மனைவியும் மகள்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கு என்ன நோய்? 1960-களில் போர்ஃபிரியா என்ற பரம்பரைக் கோளாறு என்று ஒரு விளக்கம் வந்து, நீண்ட நாள் செல்வாக்கோடு இருந்தது. அண்மைக்கால ஆய்வாளர்கள் பலர் அதை விட்டுவிட்டு, இருமுனை மனநோய் என்ற திசையில் போகிறார்கள். எதுவானாலும் அன்றைய மருத்துவத்திடம் அதற்கு விடை இல்லை.

வெளியே அரசியல் கொதித்தது. மூத்த மகனும் எதிர்க்கட்சித் தலைவர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸும் சேர்ந்து, இளவரசரே அரசப் பிரதிநிதியாக வேண்டும் என்றார்கள். பிரதமர் பிட் காலம் தாழ்த்தினார். அரசரின் உடலையும் அரண்மனை நிர்வாகத்தையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அரசிக்கு என்று மசோதா எழுதினார். அரசியலில் தலையிடாதே என்று 27 ஆண்டுகளாகக் கட்டுப்பட்டிருந்த பெண், இப்போது தன் வயிற்றில் பிறந்த மகனுக்கு எதிரே நிற்கும்படி ஆயிற்று. பத்திரிகைகளும் கேலிச்சித்திரக்காரர்களும் அவரைப் பேராசைக்காரியாக வரைந்தார்கள். மகன்கள் அவர் முகத்துக்கு நேராகவே பேசினார்கள். அவர் பின்வாங்கவில்லை. கணவர் திரும்பி வருவார், வரும்போது அவருடைய இடம் அவருக்காக இருக்க வேண்டும் என்ற ஒரே பிடிவாதம். சார்லட்டின் வாழ்க்கையில் துணிச்சலான கட்டம் எது என்று கேட்டால், இந்தக் குளிர்காலத்தைத்தான் சொல்வேன்.

மறு ஆண்டு பிப்ரவரி 2-ம் தேதி கியூ தோட்டத்தில் பர்னி உலாவிக்கொண்டிருந்தார். தூரத்தில் அரசர் அவரைப் பார்த்துவிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி ஓடிவந்தார். பயந்துபோன பர்னி ஓட, அரசர் துரத்த, பின்னால் மருத்துவர்கள் ஓடிவந்தார்கள். ஓடாதீர்கள், அது அவருக்குக் கெடுதல் என்று கத்தினார்கள். பர்னி நின்றார். அரசர் அவர் கன்னத்தில் முத்தமிட்டு, அன்பாகப் பேச ஆரம்பித்தார். அந்த மாதத்துக்குள் அவர் தெளிந்தார். ஏப்ரல் 23-ம் தேதி செயின்ட் பால் பேராலயத்தில் நன்றி வழிபாடு நடந்தது. அரசிக்கு அந்தச் சில மாதங்களில் தலை நரைத்துவிட்டது. அந்த ஆண்டில் தாமஸ் லாரன்ஸ் வரைந்த ஓவியத்தில் அது தெரிகிறது. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது அந்தப் படம். அரச குடும்பத்துக்கு அது பிடிக்கவில்லை, வாங்கிக்கொள்ளவும் இல்லை. முகத்தில் களைப்பு அவ்வளவு வெளிப்படையாக இருந்தது.

நோய் 1801-லும் 1804-லும் திரும்ப வந்தது. 1804-க்குப் பிறகு கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழே தனித்தனியாக வாழ்ந்தார்கள். 1810-ல் கடைசி மகள் அமீலியா 27 வயதில் இறந்ததும், அரசர் மீளமுடியாத இருட்டுக்குள் போனார். 1811 பிப்ரவரியில் மூத்த மகன் அரசப் பிரதிநிதியானார். பார்வையும் போய் வின்ட்சரில் அடைபட்டுக் கிடந்த கணவருக்குச் சட்டப்படியான பாதுகாவலராகச் சார்லட் சாகும்வரை இருந்தார்.

மகள்கள்

இந்த இடத்தில் சார்லட்மீது இரக்கம் மட்டும் வைத்தால் போதாது.

1772-ம் ஆண்டின் அரச திருமணச் சட்டப்படி, அரச வாரிசுகள் அரசரின் அனுமதி இல்லாமல் மணம் செய்ய முடியாது. மகள்களைப் பிரிய அரசருக்கு மனமில்லை. நோய் வந்த பிறகு, அவரைக் கலங்கவைக்கும் பேச்சே எடுக்கக் கூடாது என்று வீடு முழுவதும் பயம். ஆறு மகள்களில் மூத்தவள் மட்டும் 1797-ல், 30 வயதில், வூர்ட்டம்பர்க் இளவரசரை மணந்து தப்பித்தாள். மற்ற ஐந்து பேரும் வின்ட்சரில் தாயின் அருகில் பூத்தையல் போட்டுக்கொண்டும், தாய்க்குப் புத்தகம் வாசித்துக்கொண்டும், ஒரே முகங்களைப் பார்த்துக்கொண்டும் வயதானார்கள். அந்த வாழ்க்கையைக் கன்னிமடம் என்று அவர்களே தங்களுக்குள் அழைத்தார்கள். அமீலியா, ஃபிட்ஸ்ராய் என்ற படை அதிகாரிமீது உயிரையே வைத்திருந்தாள். மணக்க முடியாமலே இறந்தாள்.

17 வயதில் பிறந்த ஊரை விட்டு, அறியாத ஆணின் கையைப் பிடித்த பெண், தன் மகள்களின் தவிப்பை அறியாமலா இருந்திருப்பார்? அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன். கணவரின் நோய்க்கு முன்னால் தனியாக நிற்கும் துணிவு அவருக்கு இல்லை. மகள்களைக் கேடயமாக வைத்துக்கொண்டார். 1812-ல் நான்கு மகள்களும் கொஞ்சம் சுதந்திரம் கேட்டுத் தாய்க்குக் கடிதம் எழுதினார்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நேரில் கேட்கத் துணியாமல் கடிதம் எழுதினார்கள் என்பதிலேயே அந்த வீட்டின் நிலைமை தெரிகிறது. தாயின் பதில் சினத்தோடு வந்தது. தகப்பன் இந்த நிலையில் இருக்கும்போது பொது இடங்களில் தலைகாட்டுவது அவருக்கு அநியாயமாகப் பட்டது. மேரி 40 வயதில் பெரியப்பா-சித்தப்பா வழி உறவில் மணம் முடித்தாள். எலிசபெத் 1818-ல், 47 வயதில், தாய் எதிர்த்தும் கேளாமல் ஹெஸ்ஸ-ஹோம்பர்க் இளவரசரைக் கைப்பிடித்தாள். அகஸ்டாவும் சோஃபியாவும் கடைசிவரை தனியாகவே வாழ்ந்தார்கள்.

தனக்குப் போடப்பட்ட வேலியை மகள்களுக்கும் போட்ட தாய்மார்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதனால் அது குற்றம் இல்லை என்றாகிவிடாது.

ஆற்காட்டு வைரங்கள்

சார்லட்டின் நகைப் பெட்டிக்குள் தமிழ் மண்ணின் கதை ஒன்று கிடக்கிறது. 1777-ல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா அவருக்கு வைரங்களை அனுப்பினார். அவற்றில் பேரிக்காய் வடிவக் கற்கள் இரண்டு பேர்பெற்றவை: ஒன்று சுமார் 34 காரட், மற்றது சுமார் 24 காரட். ‘ஆற்காட்டு வைரங்கள்’ என்றே இன்றும் அவை நகை உலகில் அழைக்கப்படுகின்றன.

ஏன் அனுப்பினார்? சேப்பாக்கத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் பக்கத்திலேயே அரண்மனை கட்டிக் குடியிருந்த நவாப், கம்பெனியின் பிடியில் திணறிக்கொண்டிருந்தார். கம்பெனியைத் தாண்டி லண்டன் அரசரோடு நேரடி உறவு வைத்தால் பிழைக்கலாம் என்பது அவர் கணக்கு. அரச குடும்பத்துக்குப் பரிசுகளும் கடிதங்களும் போனது அதற்காகத்தான். அதே நேரத்தில் கம்பெனி ஊழியர்களிடமே தலைக்குமேல் கடன் வாங்கியிருந்தார். வட்டிக்கு ஈடாக, தன் ஆட்சியில் இருந்த கர்நாடகப் பகுதியின் மாவட்ட வரி வசூலை அந்தக் கடன்காரர்களுக்கே எழுதிக்கொடுத்தார். அவர்கள் உழவர்களை எப்படிப் பிழிந்தார்கள் என்பதை 1785 பிப்ரவரி 28-ம் தேதி நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் மணிக்கணக்கில் பேசினார். ஆற்காட்டு நவாபின் கடன் பற்றிய அந்தப் பேச்சு ஆங்கில நாடாளுமன்ற வரலாற்றில் இடம்பெற்றது. பாலாற்றங்கரையிலும் காவிரிக் கரையிலும் நெல் விளைவித்தவர்களுக்கு அந்தப் பேச்சால் விடிவு வரவில்லை. நவாபின் கணக்கும் பலிக்கவில்லை. அவர் 1795-ல் இறந்தார். 1801-ல் கம்பெனி கர்நாடக ஆட்சியை எடுத்துக்கொண்டது.

வைரங்களைச் சார்லட் விரும்பி அணிந்தார். அவை எந்த விளைச்சலின் மேல், எந்த வரியின் மேல் வந்தன என்று அவர் யோசித்ததற்குத் தடயம் இல்லை. மெட்ராஸ் கவர்னராக இருந்த அலெக்சாண்டர் விஞ்ச் இறந்த பின், 1781-ல் அவர் வீட்டுப் பொருள்கள் ஏலத்துக்கு வந்தபோது, விசாகப்பட்டினத்தில் செய்த தந்த வேலைப்பாட்டு நாற்காலிகளை அரசர் மனைவிக்காக வாங்கினார். அவை இன்றும் அரச குடும்பச் சேகரிப்பில் உள்ளன.

உயிலில் சார்லட் தெளிவாக எழுதினார்: நவாப் கொடுத்த நகைகளை விற்று, பணத்தை நான்கு மகள்களுக்குப் பகிர வேண்டும். மணமாகாமலும் மணம் தள்ளிப்போயும் நின்ற பெண்களுக்கு ஏதாவது கையில் இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் வைரங்கள் சுற்றிச் சுற்றி நகைக்கடைக்காரர் ரண்டெலிடம் போய், 1837-ல் ஏலம் விடப்பட்டன. வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு வாங்கினார். 1930-ல் அந்தக் குடும்பத்துக் கிரீடத்தில் பதித்தார்கள். 1959-ல் அமெரிக்க வைர வியாபாரி ஹாரி வின்ஸ்டன் 1,10,000 பவுண்டுக்கு அந்தக் கிரீடத்தை எடுத்தார். சிறிய கல், மறுபடி பட்டை தீட்டப்பட்டு 17 காரட்டாகக் குறைந்து, 2019-ல் நியூயார்க் கிறிஸ்டி ஏலத்தில் 30 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது.

ஒரு மனு

சார்லட் கறுப்பின வழி வந்தவரா என்ற கேள்விக்கு வருவோம். 13-ம் நூற்றாண்டில் போர்ச்சுகல் அரசர் மூன்றாம் அஃபோன்சோவுக்கு மத்ரகானா என்ற துணைவி இருந்தார். அவர் வழியில் சார்லட் வந்தார் என்று 1990-களில் மரியோ தெ வால்தெஸ் என்ற ஆய்வாளர் முன்வைத்தார். அதற்கும் சார்லட்டுக்கும் இடையே ஐந்நூறு ஆண்டுகள். மத்ரகானாவின் இனமே உறுதியில்லை. அவ்வளவு தொலைவில் ஒரே ஒரு மூதாதையரை வைத்து முடிவு கட்ட முடியாது என்று பெரும்பாலான வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். அவர்களோடு நான் உடன்படுகிறேன். அதே சமயம், அமெரிக்காவின் வட கரோலினாவில் சார்லட் என்ற பெயருள்ள நகரத்தில் வாழும் கறுப்பின மக்கள் இந்தக் கேள்வியை நெஞ்சோடு வைத்திருப்பது ஏன் என்பதும் எனக்குப் புரிகிறது.

நிரூபிக்க முடியாத அந்த ரத்த உறவை விட, நிரூபிக்கப்பட்ட ஒரு சந்திப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1788 மார்ச் 21-ம் தேதி, ஒலாடா ஈக்வியானோ அரசிக்கு ஒரு மனு கொடுத்தார். ஆப்பிரிக்காவில் பிறந்து, சிறுவயதில் கடத்தி விற்கப்பட்டதாகத் தன் வரலாற்றைச் சொன்னவர். உழைத்துச் சேர்த்த பணத்தால் தன்னைத்தானே மீட்டுக்கொண்டவர். மேற்கிந்தியத் தீவுகளில் சாட்டையடிக்குக் கீழே கிடக்கும் தன் மக்களுக்காக அரசியின் கருணையைக் கேட்டார். அரசனிடம் கேட்காமல் அரசியிடம் கேட்டார். மனு கனிவோடு ஏற்கப்பட்டதாக அவரே எழுதுகிறார். மறு ஆண்டு வெளிவந்த அவரது சுயசரிதைக்கு முன்பணம் கட்டியவர்கள் பட்டியலில் சார்லட்டின் இரண்டு மூத்த மகன்களும் இருக்கிறார்கள்.

மனுவால் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது மகன் வில்லியம், பிரபுக்கள் சபையில் அடிமை வணிகத்துக்கு ஆதரவாகப் பேசினார். மேற்கிந்தியச் சர்க்கரையைப் புறக்கணிக்கும் இயக்கம் பரவியபோது, 1792-ல் கேலிச்சித்திரக்காரர் கில்ரே அரசியைச் சர்க்கரையில்லாத் தேநீரை மகள்களுக்குப் புகட்டும் கஞ்சத் தாயாக வரைந்தார். அடிமை வணிகம் சட்டப்படி நின்றது 1807-ல். தொலைக்காட்சித் தொடரில் அரசி வந்ததும் நிறவேற்றுமை உடைகிறது. உண்மையில் ஒரு கறுப்பின மனிதர் அவர் வாசலில் வந்து நின்றார். அவர் குரல் உள்ளே போய் அங்கேயே நின்றுவிட்டது. இதைத் திரைக்கதையாக எழுத யாராவது முன்வர வேண்டும்.

கியூவில் கடைசிக் கோடை

1817 நவம்பரில் அரச குடும்பத்தின் தலையில் இடி விழுந்தது. மூத்த மகனின் ஒரே மகள், பாட்டியின் பெயரையே கொண்ட இளவரசி சார்லட், பிரசவத்தில் இறந்தாள். குழந்தை இறந்தே பிறந்தது. பதினைந்து பிள்ளைகள் பெற்ற பாட்டிக்கு, அரியணைக்கு உரிய பேரப்பிள்ளை ஒன்றுகூட இப்போது இல்லை. நடுவயது மகன்கள் அவசரமாகப் பெண் தேடினார்கள். 1818 ஜூலையில் கியூவில், நோயோடு இருந்த சார்லட்டின் முன்னிலையில், வில்லியமுக்கும் எட்வர்டுக்கும் ஒரே நாளில் திருமணம் நடந்தது. எட்வர்டுக்குப் பிறந்த பெண்தான் விக்டோரியா. 1819 மே மாதம் அவள் பிறந்தபோது பாட்டி இல்லை. 1818 நவம்பர் 17-ம் தேதி, கியூவில், சிறிய நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தபடி, மூத்த மகன் கையைப் பிடித்திருக்க, சார்லட் இறந்தார். வின்ட்சரில் இருந்த அரசருக்கு அது தெரியாது. 1820 ஜனவரியில் அவரும் போனார்.

சார்லட் இறந்த மறு ஆண்டே அவருடைய நூலகமும் சேகரிப்புகளும் கிறிஸ்டி ஏலத்துக்கு வந்தன. பெயர் மட்டும் உலகப் படத்தில் சிதறிக் கிடக்கிறது: வட கரோலினாவில் சார்லட், வர்ஜீனியாவில் சார்லட்ஸ்வில், கனடாவில் சார்லட்டவுன், நியூசிலாந்தில் கேப்டன் குக் பெயரிட்ட குயின் சார்லட் சவுண்ட். கனடாவின் மேற்குக் கரையில் இருந்த குயின் சார்லட் தீவுகள் 2010-ல் அந்த மண்ணின் ஹைடா மக்கள் வைத்த பெயருக்கே திரும்பி, ‘ஹைடா க்வாய்’ ஆகிவிட்டன. அது நியாயம். வின்ட்சரில் 1800-ல் குழந்தைகளுக்காக அவர் அலங்கரித்து நிறுத்திய யூ மரம், இங்கிலாந்தின் முதல் கிறிஸ்துமஸ் மரங்களில் ஒன்று. ஆனால், அந்தப் பெருமை பேத்தி விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட்டுக்கு உரியது என்றே பலரும் நம்புகிறார்கள். லண்டனில் ஏழைப் பெண்களின் பிரசவத்துக்காக நடந்த மருத்துவமனை ஒன்று 1809-ல் அவர் ஆதரவைப் பெற்று அவர் பெயரையும் ஏற்றது. ‘குயின் சார்லட்ஸ்’ இன்றும் மகப்பேறு மருத்துவமனையாகவே இயங்குகிறது. பதினைந்து முறை பேறுகால வலி கண்ட பெண்ணின் பெயர் அங்கே பொருந்தி நிற்கிறது.

வின்ட்சர் அரண்மனைக் காப்பகத்தில் இருக்கும் மூன்றாம் ஜார்ஜ் காலத்து ஆவணங்களை இணையத்தில் ஏற்றும் பணி 2015-ல் தொடங்கியது. சார்லட்டின் கடிதங்களும், எஞ்சியிருக்கும் 1789, 1794-ம் ஆண்டு நாட்குறிப்புகளும் அந்தக் காப்பகத்தில் உள்ளன. எப்போது எழுந்தார், யாரோடு நடந்தார், என்ன வாசித்தார் என்று நாள்தோறும் எழுதிவைத்திருக்கிறார். கணவர் தெளிந்த ஆண்டும் அதில் அடக்கம். தொடரைப் பார்த்து அவரை நேசிக்கத் தொடங்கியவர்கள் அடுத்துப் போக வேண்டிய இடம் அதுதான்.